8 ஜி.பி.யா, 16 ஜி.பி.யா? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் டெல்டா வீடுகள் போட வேண்டிய கணக்கு

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் என்றால் 40 கிலோ. 2025-26 பருவத்துக்குத் தமிழக அரசு அறிவித்த விலை, சாதாரண ரகத்துக்கு குவிண்டாலுக்கு ரூ.2,500. அதாவது ஒரு சிப்பம் சரியாக ஆயிரம் ரூபாய். தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் ஒரு வீட்டில் பையனோ பொண்ணோ ‘31 ஆயிரத்துக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கணும்’ என்று ஆரம்பித்தால், பெரியவர்கள் மனசுக்குள் 31 சிப்பம் ஓடுவது இதனால்தான்.

கேட்பவர்கள் எல்லாரும் கேம் ஆடுபவர்களும் இல்லை. தஞ்சையில் 2024 செப்டம்பரில் டைடல் நியோ பூங்கா திறக்கப்பட்டது. வீட்டிலிருந்தே ஐ.டி. வேலை பார்ப்பவர்கள் ஊரோடு தங்கிவிட்டார்கள். கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் கல்யாண வீடியோவை 4கே-யில் எடிட் செய்யும் ஸ்டூடியோ இருக்கிறது. இன்ஜினீயரிங் மாணவர்களுக்கு ஏ.ஐ. ப்ராஜெக்ட். இவர்கள் எல்லோரும் கடைசியில் கேட்பது ஒரே கேள்வி: ‘இந்த பட்ஜெட்டுக்கு எந்த கார்டு பெஸ்ட்?’

இந்தக் கேள்விக்கு யூடியூபில் ஆயிரம் பதில் கிடைக்கும். ஆனால், அந்த டெஸ்ட் எல்லாம் ஏ.சி. அறையில், புத்தம் புது பிராசஸரில், கரன்ட் போகாத ஊரில் எடுத்தவை. வாங்கும் கார்டு உட்காரப்போவது வேறு இடத்தில்.

களத்தில் யார் யார்?

30 ஆயிரம் ரூபாயைச் சுற்றி இப்போது மூன்று நிறுவனங்கள் மோதுகின்றன. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 5060, 2025 மே மாதம் 299 டாலர் விலையில் வந்தது. நினைவகம் 8 ஜி.பி. அடுத்த மாதமே ஏ.எம்.டி. தனது ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யை இறக்கியது, 8 ஜி.பி. வகை 299 டாலர், 16 ஜி.பி. வகை 349 டாலர். இன்டெலின் ஆர்க் பி580 இவற்றுக்கு முன்பே, 2024 டிசம்பரில், 12 ஜி.பி.யுடன் 249 டாலருக்கு வந்துவிட்டது. கொஞ்சம் மேலே போனால் ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ.: 8 ஜி.பி. 379 டாலர், 16 ஜி.பி. 429 டாலர்.

அமெரிக்காவில் அறிவிக்கும் விலையில் வரி சேராது. இங்கே 18% ஜி.எஸ்.டி. உண்டு. எனவே கடையில் சொல்லும் விலை நியாயமா என்று பார்க்க ஒரு எளிய வழி: டாலர் விலையை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, 18% கூட்டுவது. டாலருக்கு 88 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 299 டாலர் கார்டு ரூ.31,048 வரும். 249 டாலர் என்றால் ரூ.25,856. 349 டாலர் என்றால் ரூ.36,240. இது கடை விலை இல்லை, அளவுகோல். அளவுகோலை விடக் கீழே கிடைத்தால் நல்ல டீல். நான்கைந்தாயிரம் மேலே சொன்னால் ஏன் என்று கேட்கலாம்.

கேட்டால் கடைக்காரர் ‘மெமரி விலை ஏறிடுச்சு சார்’ என்பார். அது சாக்கு இல்லை. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரி சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை வேகமாக ஏறியது. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் ‘க்ரூஷியல்’ பிராண்டையே மூடுவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. மெமரி அதிகம் உள்ள கார்டைத்தான் இந்த விலையேற்றம் அதிகம் அடிக்கும் என்பதால், 16 ஜி.பி. வாங்க நினைப்பவர்கள் பழைய விலை வீடியோக்களை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

பெயர் ஒன்று, கார்டு இரண்டு

இந்தத் துறையில் வாங்குபவர் அதிகம் ஏமாறுவது பெயரில்தான். 2016-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1060 இரண்டு வகையில் விற்றது: 3 ஜி.பி., 6 ஜி.பி. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கினார்கள். உண்மையில் 3 ஜி.பி. வகையில் கோர்களும் குறைவு: 1,280-க்குப் பதில் 1,152. ஆர்.டி.எக்ஸ். 3060 முதலில் 12 ஜி.பி.யுடன் வந்தது, 2022 கடைசியில் அதே பெயரில் 8 ஜி.பி. வகை நுழைந்தது, மெமரி பாதையும் 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகச் சுருங்கியிருந்தது. 2022-ல் ‘ஆர்.டி.எக்ஸ். 4080’ என்ற பெயரில் இரண்டு வேறு கார்டுகளை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜி.பி. வகையை விற்பனைக்கு வரும் முன்பே என்விடியா திரும்பப் பெற்றது.

இப்போதைய 9060 எக்ஸ்.டி., 5060 டி.ஐ. இரண்டிலும் அதே கதை கொஞ்சம் மென்மையாகத் தொடர்கிறது. சிப் ஒன்றுதான், மெமரி வேறு. ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் இருப்பது பொதுப் பெயர். ‘9060 எக்ஸ்.டி. இருக்கா?’ என்று கேட்டால் ‘இருக்கு’ என்ற பதில் எந்த வகைக்கும் பொருந்தும். பில்லில் ஜி.பி. எழுதச் சொல்வது நல்லது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 5060 டி.ஐ. வந்தபோது 16 ஜி.பி. வகைதான் விமர்சகர்கள் கைக்குப் போனது. 5060-க்கோ, விற்பனை தொடங்கிய நாள் வரை பெரும்பாலான விமர்சகர்களுக்கு டிரைவரே கிடைக்கவில்லை. முதல் நாள் டெஸ்ட் வராத கார்டை முதல் நாளே வாங்க எந்த அவசரமும் இல்லை.

சராசரி எஃப்.பி.எஸ். எதை மறைக்கிறது?

ஒரு விநாடியில் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்பதுதான் எஃப்.பி.எஸ். பெரும்பாலான ஒப்பீடுகள் சராசரியைக் காட்டும். கூடவே ‘1% லோ’ என்று ஒரு எண் இருக்கும். மிக மோசமான தருணங்களில் எவ்வளவு கிடைத்தது என்பது அது. டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மாதம் முழுக்க மேட்டூரிலிருந்து இத்தனை டி.எம்.சி. வந்தது என்ற சராசரியை வைத்துக் கடைமடை விவசாயி என்ன செய்வார்? நடுவில் பத்து நாள் வாய்க்கால் காய்ந்ததா இல்லையா, அதுதான் அவருக்குக் கேள்வி. சராசரி 90 காட்டும் கார்டு, சண்டைக் காட்சியில் 25-க்கு விழுந்தால் விளையாடுபவர் கண்ணுக்கு அந்த 25-தான் தெரியும்.

8 ஜி.பி. சிக்கல் வெளியே வருவது இங்கேதான். கேமுக்குத் தேவையான படங்கள் கார்டின் மெமரிக்குள் அடங்கும் வரை ஒன்றும் தெரியாது. நிரம்பி வழிந்தால் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து இழுக்க வேண்டும். 5060-ன் சொந்த மெமரி விநாடிக்கு 448 ஜி.பி. வேகத்தில் தரவு தரும். அது கம்ப்யூட்டரோடு பேசும் பாதையோ, புது மதர்போர்டிலேயே சுமார் 32 ஜி.பி.தான். பழைய பி.சி.ஐ.இ. 3.0 போர்டில் சுமார் 8 ஜி.பி. ஆற்றில் வந்த தண்ணீரைக் கொப்பு வாய்க்காலில் திருப்பிய கதை.

அதற்காக 8 ஜி.பி. குப்பை என்று சொல்லவும் முடியாது. 1080பி மானிட்டரில் வேலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2, ஜி.டி.ஏ. 5 ஆடுபவருக்கு அது தாராளம். இந்தக் கேம்களுக்கு 16 ஜி.பி. வாங்குவது பணத்தை ஆற்றில் போடுவது. மானிட்டரே 60 ஹெர்ட்ஸ் என்றால் விநாடிக்கு 60 படத்துக்கு மேல் அது காட்டாது, 140 எஃப்.பி.எஸ். தரும் கார்டை வாங்கி அதில் மாட்டுவதைவிட, பாதிப் பணத்தை மானிட்டரில் போடலாம். புதிய பெரிய கேம்களை உயர்ந்த செட்டிங்கில் மூன்று நான்கு வருடம் ஆட வேண்டும், 1440பி மானிட்டர் வாங்கும் எண்ணமும் இருக்கிறது என்றால் மட்டும் 16 ஜி.பி.க்கான கூடுதல் ஐந்து சிப்பம் நியாயம். அப்படிப்பட்டவர் 8 ஜி.பி. வாங்கினால் இரண்டு வருடத்தில் மறுபடி கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

‘ஜி.டி.ஏ. 6-க்கு இப்பவே ரெடியாகணும்’ என்று கிளம்புபவர்களுக்கு ஒரு தகவல்: 2026 நவம்பர் 19 என்று ராக்ஸ்டார் அறிவித்த தேதி கன்சோல்களுக்கு மட்டும். அந்த அறிவிப்பில் பி.சி. இல்லை.

இன்னொரு மாயம், ‘பிரேம் ஜெனரேஷன்’. கார்டு உண்மையில் வரைந்த இரண்டு படங்களுக்கு நடுவே ஏ.ஐ. கற்பனையாக ஒன்று முதல் மூன்று படங்களைச் செருகும். திரை வழவழப்பாக ஓடும், மறுப்பதற்கில்லை. ஆனால் மவுஸை அசைத்ததும் கேம் பதில் சொல்லும் வேகம் கூடாது. சில சமயம் கொஞ்சம் குறையும். 2025 ஜனவரியில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்.டி.எக்ஸ். 5070 கார்டு 4090-க்கு இணையான திறன் தரும் என்று மேடையில் சொன்னார். 4090 அறிமுகமானபோது விலை 1,599 டாலர். இந்த ‘இணை’ வந்ததே செருகிய படங்களையும் சேர்த்து எண்ணியதால். ஒப்பீட்டு வீடியோ பார்க்கும்போது பிரேம் ஜெனரேஷன் ஆன் செய்திருக்கிறதா என்று மூலையில் பார்த்துவிட்டுத்தான் எண்ணை நம்ப வேண்டும்.

பழைய பி.சி.யில் செருகினால்?

நம் ஊரில் பலர் கார்டு மட்டும்தான் புதிதாக வாங்குகிறார்கள். சி.பி.யு., மதர்போர்டு காலேஜ் சேர்ந்தபோது வாங்கியது. அப்போது கார்டுகளின் தரவரிசையே மாறும்.

5060 வகைகளும் பி580-யும் எட்டு லேன்களில்தான் மதர்போர்டோடு பேசும். 9060 எக்ஸ்.டி. பதினாறு லேன். புது போர்டில் இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. பி450 சிப்செட் போர்டு, 10-ம் தலைமுறை இன்டெல் போன்ற பி.சி.ஐ.இ. 3.0 காலத்து மெஷின்களில், அதுவும் 8 ஜி.பி. நிரம்பி வழியும்போது, நன்றாகவே தெரியும். பழைய போர்டு வைத்திருப்பவருக்கு 9060 எக்ஸ்.டி. பக்கம் ஒரு மார்க் கூடுதல்.

பி580-க்கு வேறு நிபந்தனை. ‘ரீசைசபிள் பார்’ என்ற வசதி பயாஸில் இல்லாவிட்டால் அது தன் வேகத்தைக் காட்டாது. பழைய, நடுத்தர பிராசஸர்களோடு சேர்ந்தால் எதிர்பார்த்ததைவிட அதிகம் தடுமாறுகிறது என்பதும் 2025 ஜனவரியில் வந்த டெஸ்ட்களில் வெளிப்பட்டது. விலை குறைவு என்பதால் பழைய பி.சி. வைத்திருப்பவர்களின் கண் முதலில் இதன் மேல்தான் போகும். ஆனால் இது பொருந்துவது புது பி.சி.க்கு.

அலுவலகங்களிலிருந்து கழித்துக்கட்டிய பிராண்டட் டெஸ்க்டாப்பை 12 ஆயிரத்துக்கு வாங்கி வைத்திருப்பவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஒல்லியான கேபினெட்டில் கார்டே நுழையாது. பல மாடல்களில் பவர் சப்ளை 250 வாட்டைத் தொடாது, கார்டுக்கான 8 பின் வயரும் இருக்காது.

கரன்ட், வெயில், தூசி

அதிகபட்ச மின் நுகர்வு: 5060-க்கு 145 வாட், 9060 எக்ஸ்.டி. 16 ஜி.பி.க்கு 160, பி580-க்கு 190. கரன்ட் பில்லில் இது எவ்வளவு? தினம் நாலு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 240 மணி நேரம். 45 வாட் வித்தியாசம் சுமார் 11 யூனிட். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் மொத்த பி.சி.யும் 300 வாட் இழுத்தால் அதே கணக்கில் 72 யூனிட் வரும். 500 யூனிட்டை ஒட்டி ஓடும் வீடுகளுக்கு அது பெரிய விஷயம். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைக்கும் சலுகையும் குறைந்துவிடும்.

நிஜமான செலவு யு.பி.எஸ்.ஸில். பி.சி.யோடு வாங்கும் சாதாரண 600 வி.ஏ. யு.பி.எஸ். பின்னால் சின்ன எழுத்தில் 360 வாட் என்று இருக்கும். பிராசஸர், மானிட்டர் எல்லாம் சேர்த்து 5060 பி.சி. 300 வாட்டைத் தொடும். பி580 என்றால் 350. கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கரன்ட் போனால் ‘பீப்’ சத்தத்தோடு எல்லாம் சேர்ந்து அணையும். யு.பி.எஸ். இருந்தும் இல்லாத கதை. 1,000 வி.ஏ.க்கு மேல் போக வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் பின்பக்கம் ‘யு.பி.எஸ். மோட்’ சுவிட்ச் இருக்கிறதா என்று பார்க்கலாம். சாதாரண மோடில் கரன்ட் மாறும் இடைவெளியில் பி.சி. ரீஸ்டார்ட் ஆகும்.

இதையும் சேர்த்தால் ‘ஒரு பிரேமுக்கு எத்தனை ரூபாய்’ என்ற பிரபலமான கணக்கு தலைகீழாகலாம். எடுத்துக்காட்டுக்கு: 26 ஆயிரம் ரூபாய் கார்டு சராசரி 75 எஃப்.பி.எஸ். தருகிறது, 31 ஆயிரம் ரூபாய் கார்டு 84 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஒரு பிரேம் ரூ.347, இரண்டாவதில் ரூ.369. முதலாவதே லாபம். ஆனால் அதற்காக யு.பி.எஸ்., பவர் சப்ளை மாற்ற 5 ஆயிரம் கூடுதலாகப் போனால் அதன் பிரேம் ரூ.413 ஆகிவிடும்.

இங்கே கரன்ட் பிரச்சினை சும்மா பயமுறுத்தல் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையும் சேர்ந்தால் கிராமங்களில் மின்தடை சகஜம். 2018 நவம்பர் 16 அதிகாலை கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு வேதாரண்யம், பட்டுக்கோட்டை, பேராவூரணி பகுதிகள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது எல்லாருக்கும் நினைவிருக்கும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் இடங்களில் பேரில்லாத மலிவு பவர் சப்ளையோடு 30 ஆயிரம் ரூபாய் கார்டைக் கட்டுவது, ஓட்டைப் படகில் நெல் ஏற்றுவது மாதிரி.

வெயில் அடுத்தது. சித்திரை மாதம் தஞ்சையில் ஏ.சி. இல்லாத மாடி அறையில் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரே சிப் கொண்ட கார்டை ஒற்றை ஃபேன், இரட்டை ஃபேன், மூன்று ஃபேன் என்று பல பிராண்டுகள் விற்கின்றன. விளக்குப் போட்ட அழகு மாடலுக்கு நாலாயிரம் கூடக் கொடுப்பது வீண். ஆனால் ஒற்றை ஃபேனிலிருந்து நல்ல இரட்டை ஃபேனுக்குப் போக ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம். தை, மாசியில் அறுவடை மெஷின் ஓடும்போது வைக்கோல் தூசி வீட்டுக்குள் வரும். கேபினெட்டைத் திறந்து சுத்தம் செய்ய அதுதான் சீசன். வேதாரண்யம், நாகை கடற்கரையோரம் உப்புக்காற்று வேறு.

கல்யாண வீடியோவுக்கு வேறு கணக்கு

ஸ்டூடியோக்காரர்கள் கேம் டெஸ்ட் பார்ப்பதே வீண். இப்போதைய கேமராக்கள் 10 பிட், 4:2:2 ஃபார்மட்டில் பதிவு செய்கின்றன. டைம்லைன் திக்கித் திக்கி ஓடுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். இதை வன்பொருளிலேயே பிரித்துப் படிக்கும் வசதி என்விடியாவில் 50 வரிசையிலிருந்துதான் வந்தது. இன்டெலிடம் முன்பே உண்டு. இந்த வேலைக்கு 3060-யோ 4060-யோ மலிவாகக் கிடைக்கிறது என்று பாய வேண்டாம். இன்னொரு ரகசியம்: 11-ம் தலைமுறைக்குப் பிந்தைய இன்டெல் பிராசஸரில் உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் எச்.265 வடிவ 4:2:2-ஐப் படிக்கும். பிராசஸர் பெயரின் கடைசியில் ‘எஃப்’ இருந்தால் மட்டும் அந்த கிராபிக்ஸ் கிடையாது. சிலருக்கு கார்டே வேண்டாம், பயாஸில் ஒரு செட்டிங்கை ஆன் செய்தால் போதும். எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு இதை ஏற்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

ஸ்டூடியோ ஜி.எஸ்.டி. பதிவு பெற்றதாக இருந்தால், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாத பட்சத்தில், தொழிலுக்கு வாங்கும் கார்டின் 18% வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். ரூ.31 ஆயிரம் கார்டில் அது ரூ.4,700-க்கு மேல். பில்லில் ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏ.ஐ. ப்ராஜெக்டுக்கு கார்டு வேண்டுமா?

மெஷின் லேர்னிங் படிப்பவர்கள் என்விடியா பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான பாடங்கள், கருவிகள் அதன் ‘கூடா’ மென்பொருளை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. இங்கே வேகத்தைவிட மெமரிதான் முக்கியம். மாடல் உள்ளே அடங்காவிட்டால் ஓடவே ஓடாது. 

ஆனால் கல்லூரி ப்ராஜெக்டுக்கு மட்டும் என்றால் பொறுக்கலாம். நெல் இலை நோயைப் படம் பார்த்துக் கண்டுபிடிக்கும் ப்ராஜெக்ட் டெல்டா கல்லூரிகளுக்கு இயல்பாகப் பொருந்தும் தலைப்பு. அதற்கு உதவும் ‘பேடி டாக்டர்’ தரவுத்தொகுப்பு திருநெல்வேலி வயல்களில் எடுத்த படங்களால் ஆனது; கேகிள் தளத்தில் 2022-ல் நடந்த போட்டிக்கான பயிற்சிப் படங்கள் 10,407. அந்த அளவுக்கு கேகிள் வாரம் 30 மணி நேரம் இலவசமாகத் தரும் ஜி.பி.யு.வே போதும்.

தஞ்சாவூரா, ரிச்சி தெருவா?

ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர், அங்கிருந்து ரிச்சி தெரு பக்கம்தான். ஆயிரம், இரண்டாயிரம் மிச்சமாகலாம். ஆன்லைனில் இன்னும் குறையலாம். ஆனால் கார்டு என்பது மூன்று வருட வாரன்டியை நம்பி வாங்கும் பொருள். கெட்டுப்போனால் யார் கையில் கொடுப்பது? பல பிராண்டுகளுக்குச் சென்னைதான் சர்வீஸ். உள்ளூர்க் கடை, திருச்சிக் கடை தானே அனுப்பி வாங்கித் தருகிறது என்றால் ஆயிரத்தைந்நூறு கூடக் கொடுப்பது நஷ்டம் இல்லை. எங்கே வாங்கினாலும் சீரியல் நம்பர் பில்லில் இருக்க வேண்டும். கூரியரில் வந்தால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

செகண்ட் ஹேண்டில் 12 ஜி.பி. 3060 இன்றும் மோசமில்லை, ஏ.ஐ. மாணவர்களுக்குக் குறிப்பாக. ஜி.டி.எக்ஸ். 10 வரிசையை மலிவு என்று வாங்குபவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ஆர்.எக்ஸ். 580 என்ற பெயரில் கோர் குறைந்த ‘2048எஸ்.பி.’ வகையும் சுற்றுகிறது. பணம் கொடுக்கும் முன் விற்பவர் கம்ப்யூட்டரிலேயே ஜி.பி.யு.-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். பழைய சிப்பில் பயாஸை மாற்றிப் புதுப் பெயரில் விற்கும் கார்டு என்றால் அது பெரும்பாலும் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னாலேயே ‘ஃபேக்’ என்று எழுதிக் காட்டிவிடும்.